வெள்ளைப் புகை விட்ட ஆர்எக்ஸ்

இரண்டாவது மிதியில் வண்டி கிளம்பிவிட்டது. கூடவே, கொசு மருந்து அடிக்கிற வண்டி உள்ளே புகுந்த மாதிரி தோப்பு முழுக்க வெள்ளைப் புகை. வேடிக்கை பார்க்க வந்திருந்த உள்ளூர் மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "போர் போயிருச்சுங்க. போர் பண்ணி புது பிஸ்டன் போட்டுரலாம்." பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் நண்பர் ஒருவர் மண் பாதையில் ஓட்டுவதற்கென்றே வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 அது. 1985-இல் இந்தியாவில் அறிமுகமாகி 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. இண்டிகேட்டர், பக்கவாட்டு மூடி, முன் மட்கார்டு எல்லாம் போய், பட்டன் டயர் ஏறி, ஹேண்டில்பார் உயர்ந்திருந்தது. இந்தக் கோலத்தில் ரோட்டில் போகக்கூடாது, போகவும் இல்லை. தோப்புக்குள்ளும் பக்கத்துத் தரிசிலும் மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தேன். அதில் ஒன்றரை வாரம் புகைக்கே போய்விட்டது.

முதலில் ஓட்டம். 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவைச் சற்றே தாண்டிய எடை, நான்கே கியர். தாளில் பார்த்தால் ஒன்றுமில்லை. மண்ணில் இரண்டாவது கியரில் பிடியை முறுக்கினால் பின் சக்கரம் புழுதியை வாரி அடித்துக்கொண்டு ஒதுங்கும். பயப்படாமல் பிடித்திருந்தால் வண்டி தானே நேராகும். ரீட் வால்வு இருப்பதால் குறைந்த வேகத்திலும் இழுவை சாகாது. ஆனால் இது பிறவி டர்ட் பைக் இல்லை. முன் ஃபோர்க் அழுந்துகிற தூரம் குறைவு, வாய்க்கால் வரப்பில் விட்டால் மணிக்கட்டு வரை அடி வரும். தாழ்வாக ஓடுகிற சைலன்சர் கல்லில் இடிக்கும். பழைய டிரம் பிரேக்கைப் பற்றி ரோட்டில் புலம்பலாம், மண்ணில் அது போதும்.

இனி புகை. டூ ஸ்ட்ரோக் புகை விடுவது குற்றமே இல்லை. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதுதான் அதன் பிறப்பு. நேற்று விட்ட புகைக்கும் இன்று விடுகிற புகைக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் கேள்வி. மெக்கானிக்கின் "போர் போயிருச்சு" நாலு ஸ்ட்ரோக் வண்டியின் கணக்கு. அதில் பிஸ்டனுக்குக் கீழே ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். ரிங் தேய்ந்தால் அது மேலேறி எரியும், புகை வரும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே தேங்கிய ஆயிலே கிடையாது, காற்றும் பெட்ரோலும் 2டி ஆயிலும் கலந்த கலவைதான். ரிங் தேய்ந்தால் கம்ப்ரஷன் குறையும், கிளம்ப மறுக்கும், இழுவை போகும், பிஸ்டன் 'டக டக' என்று தட்டும். இப்படிப் புகை மண்டலம் போடாது. எங்கள் வண்டியோ இரண்டு மிதியில் கிளம்பியது. கிக்கரின் மேல் ஏறி நின்றால் கால் சட்டென்று இறங்கவில்லை.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றே: அதிகப்படி ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது?

முதல் வழி பெட்ரோல் டேங்க். ஆர்எக்ஸில் ஆட்டோலூப் என்ற ஏற்பாடு உண்டு. தனி டேங்கில் ஊற்றிய 2டி ஆயிலை ஒரு சின்ன பம்ப், பிடியை முறுக்குகிற அளவுக்கு ஏற்ப இன்ஜினுக்குத் தரும். நண்பரை விசாரித்தேன். "பம்ப் வேலை செய்யுது. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு லிட்டருக்கு 40 மில்லி பெட்ரோல்லயும் ஊத்திருவேன்" என்றார். ஒரே நோயாளிக்கு இரண்டு டாக்டர் மருந்து. பம்ப்பை மூடிவிட்டு ஓட்டுகிற வண்டிக்கு லிட்டருக்கு 25, 30 மில்லி கலப்பது சரி. பம்ப் இருக்கும்போது வெறும் பெட்ரோல்தான். டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றியதும் புகையில் இருந்த நீலம் பாதி கரைந்தது. வெள்ளை மட்டும் அப்படியே நின்றது.

அடுத்து பம்ப் கேபிள். பம்ப்பின் சக்கரத்தில் ஒரு குறி இருக்கும். கேபிளின் தளர்வைச் சரிசெய்து அதைப் பொருத்திவைக்க வேண்டும். கேபிள் அளவுக்கு மேல் இழுபட்டிருந்தால் ஆயில் கொட்டும். இதில் குறி சரியாகவே இருந்தது. ஏர் ஃபில்டரைப் பிதுக்கினேன். மண்ணில் ஓட்டுகிறவர்கள் ஃபோமை ஆயிலில் முக்கி அப்படியே மாட்டிவிடுவார்கள். நன்றாகப் பிழிந்தபின் மாட்டாவிட்டால் அதுவும் உள்ளே போய்ப் புகையும். இங்கே புழுதிதான் இருந்தது, ஆயில் இல்லை.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய நீலச் சாம்பல் என்றால் 2டி ஆயில், இயல்பு. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் முழுதாக இறங்கவில்லை, ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி ஒழுகுகிறது. காலையில் இரண்டு நிமிடம் வந்து மறைகிற வெள்ளை வெறும் ஈரம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது சகஜம். கேடிஎம் 65 எஸ்எக்ஸ், யமஹா ஒய்இசட் 85 போன்ற தண்ணீரால் குளிர்கிற வண்டிகளில் விடாத வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று பொருள். ஆர்எக்ஸ் காற்றால் குளிர்வது. அதில் கசிவதற்குக் கூலன்ட்டே இல்லை.

பிறகு எங்கிருந்து வெள்ளை? சைலன்சர் வாயில் விரலை விட்டு முகர்ந்தேன். 2டி ஆயிலின் பழகிய வாடை இல்லை. எண்ணெய்ச் சட்டி காய்ந்த மாதிரி ஒரு நாற்றம். பிடியை விட்டுச் சரிவில் இறங்கி, கீழே வந்து மறுபடி முறுக்கும்போதுதான் புகை குபீரென்று கிளம்பியது. இதுதான் துப்பு. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு பம்ப். இரண்டு பக்கமும் ஆயில் சீல் அதை அடைத்து நிற்கிறது. இடப்பக்கச் சீலுக்கு வெளியே மேக்னட், அங்கே ஆயில் கிடையாது. அது கிழிந்தால் காற்றுதான் உள்ளே போகும், புகை வராது, ஆனால் கலவை மெலிந்து இன்ஜின் கொதிக்கும், ஐட்லிங் இறங்காமல் உறுமும், கவனிக்காவிட்டால் சீஸ் ஆகும். வலப்பக்கச் சீலுக்கு வெளியே கிளட்ச், கியர் ஆயில். பிடி மூடியிருக்கும்போது உள்ளே வெற்றிடம் கூடும். சீல் இறுகிப்போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி இழுத்துவிடும்.

சோதிக்க ஒரு செலவும் இல்லை. இரண்டு வாரம் முன்புதான் நானே அளந்து 650 மில்லி ஊற்றியிருந்தேன். வடிகால் போல்ட்டைக் கழற்றிப் பால் அளக்கிற குவளையில் பிடித்தேன். 400-ஐத் தொடவில்லை. வெளியே ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. வடித்த ஆயிலில் லேசாகப் பெட்ரோல் வாடை வேறு. வெற்றிடத்தில் உள்ளே வருகிற ஓட்டை, அழுத்தத்தில் வெளியேயும் விடும்.

கிளட்சைக் கழற்றி, கிராங்கின் கியரை உருவி, சீலை வெளியே எடுத்தபோது ரப்பர் நகம் மாதிரி இறுகிக் கிடந்தது. புது சீல் சில நூறு ரூபாய்க்குள். போர், பிஸ்டன், லேத் கூலி என்று போயிருந்தால் ஆயிரக்கணக்கில் போயிருக்கும், புகையும் போயிருக்காது.

மாட்டி முடித்து, கிக்கரை மிதித்தேன். அதே வெள்ளைப் புகை.

இந்த இடத்தில்தான் பலர் இன்ஜினை மறுபடி பிரிக்கிறார்கள். நானும் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் சைலன்சர் நினைவுக்கு வந்தது. வாரக்கணக்கில் எரியாமல் போன கியர் ஆயில் அதற்குள்தான் தேங்கியிருக்கும். சைலன்சர் நுனித் திருகைக் கழற்றி பஃபிளை உருவினால் தார் பூசிய குழாய். அதைத் தீயில் காட்டிச் சுரண்டி, குழாயைக் கவிழ்த்து வடித்து, புது பிளக் போட்டு, தரிசில் இருபது கிலோமீட்டர் விரட்டினேன். பத்தாவதில் வெள்ளை மெலிந்தது. வீடு திரும்பும்போது பின்னால் பார்த்தால் ஊதுபத்தி அளவுக்கு நீலம், அவ்வளவுதான். மறுவாரம் கியர் ஆயிலை மறுபடி வடித்து அளந்தேன். ஊற்றியது அப்படியே இருந்தது.

மண்ணில் பழகப் பழைய டூ ஸ்ட்ரோக் வாங்கலாமா என்று கேட்டால், அளவுக் குவளையும் கறை படியத் தயாரான கையும் இருந்தால் வாங்கலாம் என்பேன். மிதித்து ஓட்டிவிட்டு ஓரமாக நிறுத்துகிறவருக்கு இது வேண்டாம். எங்கள் வண்டியில் மேக்னட் பக்கச் சீல் இன்னும் பாக்கி. அதற்கும் அதே வயசுதான். சீல் வாங்கி வைத்தாயிற்று, மேக்னட் புல்லர் ஞாயிற்றுக்கிழமைதான் கைக்கு வருகிறது.