மோட்டாரை மாற்றும் முன் மடையைப் பாருங்கள்

பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் ஊர் வத்திராயிருப்பு. ஆனாலும் எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூலாகத்தான் வரும். தண்ணீர் ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார். மொட்டை மாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்தான் இருக்கிறது. ஷவர் நன்றாகப் பொழிய 1 பாராவது வேண்டும்.

அதனால் ஆறு மாதத்துக்கு முன் அரை எச்.பி. பூஸ்டர் பம்ப் ஒன்றை, பிரஷர் சுவிட்ச், 24 லிட்டர் பிரஷர் டேங்கோடு சேர்த்து மாட்டினோம். குழாயைத் திறந்து அழுத்தம் 1.5 பாருக்கு இறங்கியதும் மோட்டார் தானே ஓடும். குழாயை மூடினால் சற்று நேரத்தில் நின்றுவிடும். ஷவர் பொழிந்தது. வாஷிங் மெஷினும் சீக்கிரம் நிரம்பியது.

நான்காம் மாதம் சிக்கல் தொடங்கியது. மோட்டார் நொடிக்கொரு தரம் ஓடி ஓடி நின்றது. காலையில் எல்லோரும் குளிக்கும் நேரத்தில் குழாய் காற்றைத் துப்பியது. பார்க்க வந்த பிளம்பர், "மோட்டார் போச்சு சார், மாத்திருங்க" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் நாங்கள் முதலில் போய்ப் பார்ப்பது மடையைத்தான்.

முதலில் கரண்டை நிறுத்தி, குழாயைத் திறந்து அழுத்தத்தை வடித்தேன். பிரஷர் டேங்கில் சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வு உண்டு. அதன் ஊசியை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று பொருள். எனக்குக் காற்றுதான் வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்கு 0.2 பார் குறைவாக, அதாவது 1.3 பார் (19 பி.எஸ்.ஐ.) காற்று இருக்க வேண்டும். டயர் கேஜ் 8 காட்டியது. சைக்கிள் பம்பால் அடித்து 19 ஆக்கினேன். ஓடி ஓடி நிற்பது அன்றே போனது.

காற்றுத் துப்புவது மட்டும் நிற்கவில்லை. பம்பின் சல்லடையைக் கழற்றிக் கழுவியும் பயனில்லை. மாடி ஏறினேன். எங்களுக்கு இரண்டு தொட்டி: 1000 லிட்டர், 500 லிட்டர். இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்து பம்புக்கு வருகின்றன. சின்னத் தொட்டி ஒரு அடி உயரமான மேடையில் இருப்பதால் அதுதான் முதலில் காலியாகிறது. பெரிய தொட்டியின் கேட் வால்வோ, கைப்பிடி முழுதும் சுற்றினாலும் உள்ளே தகடு பாதியில் சிக்கி நின்றது. அந்தப் பக்கம் போதிய தண்ணீர் வராததால், பம்ப் காலித் தொட்டி வழியாகக் காற்றை இழுத்திருக்கிறது. பாதி திறந்த மடை! கேட் வால்வை எடுத்துவிட்டுப் பால் வால்வு போட்டோம். சின்னத் தொட்டித் தண்ணீரைப் பெரிய தொட்டிக்குள் விட்டு, பம்புக்குப் பெரிய தொட்டியிலிருந்து மட்டும் குழாய் எடுத்தோம். அதன்பின் ஒரு நாளும் காற்று வரவில்லை.

மற்ற அறிகுறிகளும் தெரிந்திருப்பது நல்லது. மோட்டார் முனகியும் சுற்றாவிட்டால் கண்டன்சரைச் சோதிக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அவ்வப்போது ஓடினால் எங்கோ கசிவு, அல்லது தண்ணீரைத் திரும்ப விடாத என்.ஆர்.வி. வால்வு சரியாக மூடவில்லை.

மாடி வீட்டுக்கு இந்தப் பம்ப் தாராளமாக வாங்கலாம். ஆனால் தொட்டிக்குப் பின்னால் மட்டும் மாட்டுங்கள். பேரூராட்சிக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மாட்டினால் பக்கத்து வீட்டுக் குடத்துக்கு வர வேண்டிய தண்ணீரை உறிஞ்சிவிடும். அது சட்டப்படியும் தவறு.