செயின் நேராக ஓடினால்தான் ஹப் கியருக்கு மரியாதை

ரவாங்கில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஹப் கியரைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமே இல்லை. லாரிகள் கிளப்பும் புழுதியும் மாலை மழையும் குழைந்து, வெளியே தொங்கும் டெரெய்லர் கியரில் அப்பிக்கொள்ளும் ஊர் இது. ஹப் கியரில் மாற்றும் பற்களெல்லாம் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் மூடிக் கிடப்பதால் சேறு உள்ளே போக வழியில்லை. ஷிமானோ நெக்சஸ் எட்டு கியர் ஹப்பைப் பழைய ஸ்டீல் ஃபிரேம் ஒன்றில் பூட்டி, டெம்ப்ளர் பூங்கா பக்கம் ஏறும் சாலையிலும் செரெண்டா பக்கமும் ஓட்டிப் பார்த்தேன். ஹப் நல்ல ஹப். ஆனால் செயின்லைன் சரியில்லாமல் ஓட்டினால், இவ்வளவு விலை கொடுத்தும் இரைகிறதே என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து பல்சக்கரத்தின் பல் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே செயின்லைன். முன்னாலும் பின்னாலும் இந்த அளவு ஒன்றாக இருந்தால் செயின் நேராக ஓடும். டெரெய்லர் வண்டியில் செயின் பக்கவாட்டில் சாய்ந்து ஓடுவது சகஜம். அதற்கென்றே வளைந்து கொடுக்கும் செயின் செய்கிறார்கள், கழன்று போகாமல் இழுத்துப் பிடிக்க டெரெய்லரும் உண்டு. ஹப் கியரில் அந்தப் பிடிமானம் கிடையாது. தடித்த 1/8 அங்குலச் செயின் அவ்வளவாக வளையவும் வளையாது. சாய்ந்து ஓடினால் பல்லின் ஒரு பக்கத்தை அரைக்கும், ஓயாமல் இரையும், குழியில் இறங்கும்போது கழன்றுவிடும். 2 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 1 மி.மீ.க்குள் கொண்டுவந்துவிட்டால் வேறு கவலை வேண்டாம்.

அளப்பதற்கு முன் ஃபிரேம் கோணலா என்று பார்த்துவிட வேண்டும். பழைய ஃபிரேமாக இருந்தால் கட்டாயம். பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சு உட்காரும் ஒரு பக்கப் பிளவில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி மறுபக்கப் பிளவுக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேர்.

முன்பக்கக் கணக்கு எளிது. என் ஃபிரேமின் சீட் குழாய் 28.6 மி.மீ. தடிமன், பாதி 14.3. குழாயின் மேற்பரப்பிலிருந்து பல்லின் நடுவுக்கு 33 மி.மீ.க்குச் சற்று மேல். கூட்டினால் 47.5. மூன்று பல்சக்கரம் கொண்ட பழைய கிராங்கின் நடு இடத்தில் 42 பல் சக்கரம் ஒன்றை மட்டும் மாட்டியிருந்தேன். அந்த இடத்துக்கு இது வழக்கமான அளவுதான். பின்னால் நெக்சஸ் எட்டின் அகலம் 132 மி.மீ.; பாதி 66. அச்சின் லாக்நட் முகத்திலிருந்து பல்லின் நடு வரை அளந்து 66இல் கழித்தால் 42தான் வந்தது. ஐந்தரை மி.மீ. வித்தியாசம்! பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே செயின் சாய்வது தெரிந்தது.

இதைச் சரிசெய்யப் புதுச் சாமான் எதுவும் உடனே தேவைப்படவில்லை. பின் பல்சக்கரம் தட்டையானது அல்ல. தட்டுப் போல ஒரு பக்கம் குழிந்தது. உட்பக்கம் குழிந்திருந்ததைத் திருப்பி மாட்டினால் பற்கள் வெளியே நகரும். பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தைச் சிறு ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டும். மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். வளையம் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. திருப்பி மாட்டி அளந்தேன்: 46க்குக் கொஞ்சம் மேல். மிச்சத்துக்குக் கிராங்க் அச்சை மாற்றினேன். 113 மி.மீ. அச்சுக்குப் பதில் 110. நீளம் இரு பக்கமும் சமமாகக் குறைவதால் முன் பல்சக்கரம் 1.5 மி.மீ. உள்ளே வரும். கிராங்க் ஃபிரேமில் உரசவில்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

ரப்பர் தோட்டக் காலத்து ராலே வண்டி இன்னும் வீட்டில் இருந்தால் அதன் பின் ஹப்பைப் பாருங்கள். நாட்டிங்ஹாம் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த ஏ.டபிள்யூ. மூன்று கியர் ஹப்பாக இருக்கலாம். அதிலும் குழிந்த பல்சக்கரம்தான். பல வண்டிகளில் மூன்று காதும் அதே கம்பி வளையமும் இருக்கும். கூடவே 1/16 அங்குல வாஷர்கள் உண்டு. அவற்றை முன்பின்னாக அடுக்கினால் செயின்லைன் நகரும். அந்த வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே செயின்லைனைச் சரிசெய்து அனுப்பினார்கள். நாமே ஹப் வாங்கிப் பூட்டும்போது அந்த வேலை நம் தலையில் விழுகிறது.

முன் பல்சக்கரத்தையும் கவனியுங்கள். கியர் மாற்றுவதற்காகச் சில பற்களைக் குட்டையாக்கி, பக்கத்தில் ஆணி வைத்த சக்கரம் வேண்டாம். அது செயினைத் தள்ளிவிடவே செய்யப்பட்டது. எல்லாப் பல்லும் முழு உயரத்தில் நிற்கும் சக்கரமாக வாங்குங்கள்.

இனி ஓட்டம். எட்டு கியரில் வீச்சு 307 சதவீதம். ஐந்தாவது நேர் கியர். முன்னால் 42, பின்னால் 20 பல் போட்டதில், முதல் கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுக்குச் சற்றே அதிகம் சுற்றுகிறது. டெம்ப்ளர் ஏற்றத்துக்கு இது தாராளம். சிவப்பு விளக்கில் நின்றபடியே கியரை இறக்கலாம். இது ஒன்றுக்காகவே நகரத்தில் ஓட்டுபவர் இதை வாங்கலாம். முதல் நான்கு கியரில் ஹப்பே லேசாக முனகும். அது அதன் இயல்பு. நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது காலை ஒரு நொடி தளர்த்தினால்தான் சுகமாக விழுகிறது. கேபிளைச் சரிபார்க்க நான்காவது கியரில் வைத்து ஹப்பிலுள்ள இரண்டு மஞ்சள் கோடுகளை நேர்படுத்தினால் போதும்.

குறையும் உண்டு. ஹப் மட்டும் ஏறத்தாழ 2 கிலோ. நடுவழியில் பின் டயர் பஞ்சரானால் கேபிளைக் கழற்றி, 15 மி.மீ. ஸ்பேனரால் நட்டுகளையும் கழற்ற வேண்டும். ஸ்பேனர் பையில் இருக்கட்டும்.

தினமும் கொம்யூட்டர் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் மழை வெயில் பாராமல் போகிறவர் தாராளமாக வாங்கலாம். பந்தய வேகம் தேடுபவருக்கு இது வேண்டாம். கடையில் பூட்டிக் கொடுத்தால் பணம் கொடுப்பதற்கு முன் முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு எண்ணுக்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் இருந்தால், பின் பல்சக்கரத்தைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.