பின்சீட்டுக்கு ஏற்ற வேகக் கார்

பத்து ஆண்டு ஓடிய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ. இன்று ஒரு புதிய சிறிய காரின் விலைக்குக் கிடைக்கிறது. வந்த புதிதில் ஆன்ரோடு விலை இருபது லட்சத்தைத் தொட்ட கார் அது. 180 குதிரைத்திறன், 590 லிட்டர் டிக்கி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் செகண்ட்ஸ் வண்டி தேடும் குடும்பஸ்தர்கள் பலரையும் இந்தக் கணக்கு ஆட்டிவைக்கிறது. அதே பணத்துக்கு மூன்று சிலிண்டர் புது வண்டியை எடுத்துத் திருப்பதிக்கும் திருவண்ணாமலைக்கும் போவதா, ஏறி மிதித்தால் சீட்டோடு ஒட்டவைக்கும் ஒரு டர்போ பெட்ரோலை எடுப்பதா? அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் குடியிருப்பவருக்கு ஆசை இன்னும் கூடுதலாகவே இருக்கும். சூரப்பட்டுப் பக்கம் சென்னை பைபாஸில் ஏறினால் ஒருபுறம் புழல் தாண்டி நெல்லூர் நெடுஞ்சாலை, மறுபுறம் மதுரவாயல் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலை.

பழைய வேகக் காரை வாங்கிக் குடும்பக் காராக்கும் இந்த வழக்கத்தை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் காரில் குடும்பத்துக்கு உண்மையாகவே பயன்படும் விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் வாங்குபவர் எதற்காக வாங்குகிறாரோ, அது அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வருகிறது.

இந்த வட்டாரத்துக்கு வேகத்தோடு பழைய உறவு உண்டு. கள்ளிக்குப்பத்திலிருந்து செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்த ஊர். பின்னால் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போனது. வேகத்துக்கு அதுதான் இடம். சென்னை மாநகரச் சாலைகளில் கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30 என்று போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் வரம்பு வைத்தது. அப்படியிருக்க 180 குதிரைத்திறன் குடும்பத்துக்கு எதற்கு?

பதில் எஞ்சினில் இல்லை. வேகமாக ஓடும் என்று தெரிந்து கட்டிய காருக்கு நான்கு சக்கரங்களிலும் பெரிய டிஸ்க் பிரேக் வைத்திருப்பார்கள், உடல்கூடு விறைப்பாக இருக்கும், டயர் அகலமாக இருக்கும், வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றலைவிட 100-இல் தாங்க வேண்டியது ஒன்றரை மடங்குக்கும் மேல். டிவைடர் இடைவெளியில் ஒரு மாடோ, எதிர்த்திசையில் ஒரு பைக்கோ திடீரென்று வரும் நம் நெடுஞ்சாலையில், நாலு பேரும் நாலு பெட்டியும் ஏற்றிய காரை நேர்கோட்டில் நிறுத்துவது பெரிய விஷயம். இழுவைக்கும் ஒரு நியாயமான பயன் உண்டு. டிவைடர் இல்லாத சாலையில் கரும்பு லாரியைத் தாண்டும்போது எதிர்வரிசையில் இருக்கும் நேரம் குறைய வேண்டும். குறைந்த சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் எஞ்சின் அந்த நேரத்தைக் குறைக்கிறது. இந்த இரண்டுக்காக ஒருவர் பழைய வேகக் காரை வாங்கினால் நான் அவர் பக்கம்.

ஆனால் பெயரைப் பார்த்துப் பாதுகாப்பை ஊகிக்கக் கூடாது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்திய ஃபோக்ஸ்வாகன் போலோவை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத வண்டிக்குப் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம். இரண்டு ஏர்பேக் வைத்த வண்டிக்கு நான்கு. அதன் பிறகுதான் ஏர்பேக் எல்லா போலோவிலும் கட்டாயமாக வந்தது. ஆகவே 2012 மாடல் போலோ ஒன்று விலைக்கு வந்தால், அது எந்த வேரியன்ட் என்று கேட்காமல் பேரம் தொடங்குவது பிழை. குழந்தை இருக்கும் வீட்டில், குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பின்சீட்டு இடுக்கில் கைவிட்டுப் பார்ப்பது, பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை நொடி என்று கேட்பதைவிட முக்கியம்.

இனி குறைகள். முதலாவது, விலைச் சீட்டில் தெரியாத செலவு. காரின் விலை பத்து ஆண்டில் மூன்றில் ஒரு பங்காகலாம். உதிரிபாகத்தின் விலை அப்படி இறங்காது. இருபது லட்ச ரூபாய்க் காரின் டர்போ, அது ஆறு லட்சத்துக்குக் கைமாறினாலும் இருபது லட்ச ரூபாய்க் காரின் டர்போதான். இதில் கியர்பாக்ஸை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக்டேவியா 1.8, போலோ ஜி.டி. 1.2 இரண்டிலும் இருப்பது டி.க்யூ. 200 என்ற ஏழு கியர் டி.எஸ்.ஜி. இதன் இரட்டைக் கிளட்ச் எண்ணெயில் நனையாமல் காய்ந்தபடியே உழைக்கும். பாடியிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வரை மே மாத வெயிலில் ஊர்ந்து பார்த்தால் அதற்கு எவ்வளவு கடினமான வேலை என்று புரியும். அரை அடி நகர்ந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் உரசுகிறது, சூடு ஏறுகிறது. அதை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் கெட்டால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். டி.எஸ்.ஜி. கோளாறுக்காக 2013-இல் சீனாவில் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது ஃபோக்ஸ்வாகன். அதே ஆக்டேவியாவின் 2.0 டீசலில் எண்ணெயில் நனையும் ஆறு கியர் பெட்டி. சுமார் அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய பில் இருந்தால் அது எவ்வளவோ தெம்பானது. நெரிசலில் தினம் ஆபீஸ் போய்வரவும் இதே காரைத்தான் எடுப்பீர்கள் என்றால், காய்ந்த கிளட்ச் வண்டியைத் தொடாமல் மேனுவலுக்குப் போங்கள்.

இரண்டாவது குறை, முந்தைய ஓனரின் கால். சாதாரண ஸ்விஃப்ட்டைப் பெரும்பாலும் சாதாரணமாகவே ஓட்டியிருப்பார்கள். வேகக் காரை வாங்கியவர் வேகமாக ஓட்டத்தான் வாங்கியிருப்பார், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வை ரீமேப் செய்து கூடுதல் திறன் ஏற்றியிருக்கவும் கூடும். விற்கும்போது பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டுவிட்டால் டெஸ்ட் டிரைவில் ஒன்றும் தெரியாது. தேய்ந்த கிளட்ச் மட்டும் தேய்ந்தபடியே இருக்கும். அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மில் வம்பு செய்யவும் இடமுண்டு. அதனால் வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். நாம் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்று வந்தால் அதோடு திருப்தி அடையக் கூடாது. நேற்று அழித்திருந்தால் காரின் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அதே ஸ்கேனர் காட்டும். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த ரப்பரை நம்பி நெடுஞ்சாலைக்குப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய ஆபத்தான வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. தாழ்வாக உட்கார்ந்த, எலெக்ட்ரானிக்ஸ் நிறைந்த கார்களுக்கு அந்தத் தண்ணீர் உடனே கொல்லாத நோய். வயரிங் சாக்கெட்டில் பச்சை பூத்து இரண்டு வருடம் கழித்து ஏர்பேக் விளக்கு எரியும். பாலிஷ் போட்டு, சீட்டு உறை மாற்றி, வாசனை அடித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பின்சீட்டு பெல்ட்டை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைத்தான் துவைத்திருப்பார்கள். உருளையில் சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில் பழுப்பான வண்டல் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னிக் குழியில் விரலை ஓட்டினால் நெருநெருக்கும். இந்த இரண்டில் ஒன்று தென்பட்டாலும், விலை எவ்வளவு இறங்கினாலும், அந்த வண்டி குடும்பத்துக்கு வேண்டாம்.

பெட்ரோலையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல கார்களின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. உயர் அழுத்த எரிபொருள் பம்ப் உள்ள பழைய டர்போவில் இது பராமரிப்புச் செலவாகத்தான் வந்து சேரும்.

வெளிமாநிலக் கார் மலிவாக வருகிறதே என்பார்கள். டெல்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசலுக்கு வந்த தடைதான் அந்த மலிவுக்குப் பெரிய காரணம். என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபதிவு செய்தபின் விலையைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் மலிவு கரைந்திருக்கும். ஃபியட் அபார்த் புன்டோ போன்ற வண்டிகள் இன்னொரு வகை. 145 குதிரைத்திறன், அழகான கார், ஆனால் கம்பெனியே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. முன் பம்பர் உடைந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் தேட வேண்டும். அது ஆர்வலரின் கார், குடும்பத்தின் கார் ஆகாது.

இந்த வழக்கத்தின் ஆகப்பெரிய குறையாக நான் கருதுவது தேர்வு செய்யும் முறையைத்தான். ஓட்டப் போகிறவர் ஒருவர். அவர் மட்டும் போய், முன்சீட்டில் உட்கார்ந்து, பைபாஸில் ஒரு மிதி மிதித்துப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார். பதினெட்டு அங்குலச் சக்கரமும் பக்கச்சுவர் ஒல்லியான டயரும் கள்ளிக்குப்பம் உள்தெருக்களின் வேகத்தடைகளில் பின்சீட்டை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. முட்டிவலி உள்ள அம்மா அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து தானாக எழுந்து இறங்க முடிகிறதா? இரண்டு பிள்ளைகளோடு மனைவி பின்னால் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிறதா? நாலு பேரும் ஏறியபின் வேகத்தடையில் அடிப்பாகம் தட்டுகிறதா? கார்க்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, குடும்பத்தையே அழைத்துப்போய் அரைமணி நேரம் பின்னால் உட்காரவைத்து, பைபாஸில் அல்லாமல் தெருக்களில் ஓட்டிப் பாருங்கள்.

வீட்டில் வேறொரு கார் இருக்கிறது, வாங்கும் விலையில் நாலில் ஒரு பங்கு தனியே ரிப்பேருக்கென்று வங்கியில் கிடக்கிறது, டி.எஸ்.ஜி. பிரித்துப் பழகிய ஒரு மெக்கானிக் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் தெரிந்தவர் என்றால், முதல் ஓனரிடமிருந்து முழு சர்வீஸ் பில்லோடு வரும் ஆக்டேவியா டீசலோ மேனுவல் பெட்ரோலோ நல்ல தேர்வு. அதுதான் வீட்டின் ஒரே கார் என்றால் வாங்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்று ஷெட்டில் சொல்லும்போது, அப்பாவின் மாதாந்திரச் செக்கப்பும் பிள்ளையின் பரீட்சையும் அந்த மூன்று வாரத்துக்குள்தான் வரும்.