வரிக்குதிரை மீன் சொல்வதும் சொல்லாததும்

“மீனுக்கு நோய் குணமாயிற்று; புது மருந்து கண்டுபிடிப்பு!” என்றொரு தலைப்பை நாளிதழில் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெல்லையில் வண்ணமீன் கடைத் தொட்டிகளில் நீந்தும் அதே வரிக்குதிரை மீன்தான் அது. இச்செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இது நம் நாட்டு மீன். கங்கை மீன்களைப் பற்றி 1822இல் வெளிவந்த நூலில் ஹாமில்டன் இதை விவரித்தார். அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ட்ரைசிங்கர் 1981இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் இது மரபியல் ஆய்வில் இடம்பெற்றது. இதன் கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடிபோல் தெளிவாக வளர்கிறது. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் காணலாம். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கருக்களில் மருந்துகளைச் சோதிக்கலாம். இவையெல்லாம் உண்மையான நன்மைகளே.

மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இம்மீனில் இணை உண்டு என்று 2013இல் அறிவிக்கப்பட்டது. இதைக் கொண்டு, “மீன் 70 விழுக்காடு மனிதன்” என்று எழுதுவது தவறு. மீனுக்கு நுரையீரல் இல்லை. அதன் இதயத்தில் ஒரே ஒரு கீழறைதான் உண்டு.

தாலிடமைடு என்னும் மாத்திரையின் வரலாற்றைப் பாருங்கள். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த இது, கருவுற்ற பெண்கள் உண்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையுடன் பிறக்கக் காரணமாயிற்று. எலிகளின் குட்டிகளிலோ அக்குறை தோன்றவில்லை. அந்த மருந்து செரிப்ளான் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதை 2010இல் ஜப்பானியர் கண்டறிந்தபோது, வரிக்குதிரை மீன் பெரிதும் உதவியது. ஆயினும் மனிதரில் அம்மருந்தால் அழியும் சால்4 என்ற மற்றொரு புரதம் இம்மீனில் அழிவதில்லை என்பது 2018இல் தெரிந்தது. ஒரே மருந்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொன்ன மீன், இன்னோர் உண்மையைச் சொல்லவில்லை.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. மருந்தை நீரில்தான் கலக்கிறார்கள். தாமிரபரணியில் கழுத்தளவு நின்றவர் எவ்வளவு நீர் குடித்தார் என்பதை ஆற்றின் ஆழத்தைக் கொண்டு சொல்ல முடியுமா? அதுபோல, நீரில் கரைந்த அளவு வேறு. கருவினுள் புகுந்த அளவு வேறு. உட்புகாத நஞ்சும் “தீங்கற்றது” என்று பெயர் வாங்கிவிடும்!

பொதிகை மூலிகைச் சாறானாலும், ஆலையில் செய்த வேதிப்பொருளானாலும் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: மீனின் உடலுக்குள் எவ்வளவு சென்றது? பாலூட்டிகளில் சோதித்தார்களா? மனிதரில் சோதித்தார்களா? இம்மூன்றுக்கும் விடை தராத செய்தி, தேடலின் தொடக்கத்தைச் சொல்வதேயன்றி மருந்தைச் சொல்வதன்று. அதை நம்பிச் சர்க்கரை நோயாளி ஒருவர் தம் மாத்திரையை நிறுத்தினால், நட்டம் மீனுக்கு அல்ல.