ஷைலாக்கின் வெகுளி

விபுலானந்த அடிகள் 1926இல் வெளியிட்ட மதங்க சூளாமணி, ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் எனத் தமிழாக்கி, அவர்தம் நாடகங்கள் பன்னிரண்டைச் சுவை நோக்கி ஆராய்ந்த நூலாகும். மேனாட்டு நாடகத்தையும் நம்மவர் இலக்கணங்கொண்டு அளத்தல் கூடுமென்பதை அது காட்டிற்று. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராயும் விளங்கிய அவ்வறிஞர் வகுத்த நெறியிற் சென்று, யாழ்ப்பாணத்து மாணவர் பல தலைமுறையாகப் பாடங்கேட்ட 'வெனிசு வணிகன்' நாடகத்து ஷைலாக்கை நோக்குதல் தகும். அவன் நகைப்புக்குரியவனா, அவலத்துக்குரியவனா என்னும் வினா இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஆங்கில நாட்டினின்றும் யூதர் 1290இல் துரத்தப்பட்டனர். 1656 வரை அவர்கள் ஆண்டு வெளிப்படையாக வாழ வழியிருக்கவில்லை. எனவே நாடகங் காண வந்தோருட் பலர் யூதனொருவனை நேரிற் கண்டறியாதவர். கதைகளில் வந்த கொடியோனையே அறிந்தவர். மார்லோவின் 'மால்டா யூதன்' அவர்களுக்கு வேண்டியதை வாரி வழங்கிற்று. அதன் தலைவனாகிய பராபாஸ், தன் மகள் உட்படக் கன்னிமாடத்தார் அனைவரையும் நஞ்சூட்டிக் கொன்று, ஈற்றிற் கொதிகொப்பரையில் வீழ்ந்து மடிகிறான். ஆயினும், துருக்கர்க்குத் திறைசெலுத்த யூதர் பொருளைப் பறித்த கிறித்தவ ஆளுநனையும் மார்லோ எள்ளாமல் விட்டிலர். யூத மரபினரான அரச மருத்துவர் லோப்பஸ் 1594இல் தூக்கிலிடப்பட்டபோது அந்நாடகம் மீண்டும் அரங்கேறிக் கூட்டம் சேர்த்தது. இச்சூழலில் எழுந்தவனே ஷைலாக்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எள்ளலை நகைக்கு நிலைக்களன்களுள் ஒன்றாக்கினார். இளிவும் இழவும் அழுகைக்கு உரியன என்றார். மகள் ஜெசிக்கா பொன்னோடு ஓடிப்போனபோது ஷைலாக் தெருவில் அரற்றியதை நாம் அரங்கிற் காண்பதில்லை. அவனை வெறுப்பவர் இருவர் நையாண்டி செய்து பேசுவதையே கேட்கின்றோம். ஆகவே, அவனுக்கு இழவாயது நமக்கு எள்ளலாய் வந்து சேர்கிறது. பின்னர், மறைந்த மனைவி லேயா மணமாகுமுன் கொடுத்த மோதிரத்தை மகள் ஒரு குரங்குக்கு விற்றாள் என்று தூபால் சொல்லக் கேட்டு அவன் துடிக்கும்போது, முன்னர்ச் சிரித்தவரும் வாயடைக்கின்றனர். ஒரே நிகழ்ச்சியை இருமுறை காட்டி நகையை அழுகையாக்கிய வித்தை இது. மார்லோவிடம் இதனைக் காண்டல் அரிது.

இன்னும் வியப்பைத் தருவது வெகுளி பற்றிய பகுதி. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என வெகுளிக்கு நான்கு காரணங் கூறுவர். அந்தோனியோ அவனை நாயென்று உதைத்தது, தாடியில் உமிழ்ந்தது ஆகியவை அலை. சுற்றத்துக்குக் கேடு சூழ்தலைக் குடிகோள் எனக் கொள்ளின், மகளைக் கவர்ந்தது அதுவாகும். ஏனைய இரண்டும் அவனுக்கு நேர்ந்தனவல்ல. ஓர் இறாத்தல் தசையை அரிய முனைந்து உறுப்பறையையும் கொலையையும் அவனே பிறர்க்குச் செய்யப் புகுகிறான். வெகுளிக்குக் காரணமானவை வெகுளியின் செயலாகவும் மாறுமிடத்தில், அவன்மேற் சென்ற நம் இரக்கம் தடைப்படுகிறது. அவனை முற்றுங் குற்றமற்றவனாக்க முயலும் இக்காலத் திறனாய்வாளர் இத்தடையைக் காணாது போகின்றனர்.

நீதிமன்றக் காட்சியின் முடிவோ வேறுவகை. போர்ஷியாவின் கருணையுரையை மனனஞ் செய்யும் மாணவர், அக்காட்சியிலேயே அந்தோனியோ விதிக்கும் நிபந்தனையை விரைந்து கடந்துவிடுகின்றனர்: ஷைலாக் உடனே கிறித்தவனாதல் வேண்டும். மூலக்கதையான இத்தாலியக் கதையில் இது இல்லை. அங்கு யூதன் முறியைக் கிழித்தெறிந்து போகிறான். ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானமின்றி அரச பதவி கிட்டாதிருந்த யாழ்ப்பாணத்தில் இவ்வடிகளைப் படிப்பார்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அந்நிபந்தனை அரங்கில் அருளாகவே பேசப்படுகிறது.

1584இல் அச்சேறிய ராபர்ட் வில்சனின் நாடகமொன்றில் கெரோன்டஸ் என்றொரு யூதன் உளன். கடனைத் தட்டிக்கழிக்கத் தன் மதத்தையே துறக்கத் துணிந்த கிறித்தவ வணிகனைக் கண்டு மனம் பொறாது, கடன் முழுவதையும் விட்டுக்கொடுக்கிறான். இலண்டன் அரங்கு அத்தகையோனையும் அறிந்திருந்தது.

வெனிசு வணிகனின் ஐந்தாம் அங்கத்தில் நிலவும் இசையும் மோதிர விளையாட்டுமே உள்ளன. ஷைலாக்கின் சொத்துரிமைப் பத்திரம் மட்டும் அங்கு வந்து சேர்கிறது. அவன் பெயரை எவரும் உரைப்பதில்லை. மதம் மாற விதிக்கப்பட்ட பின்னரும் அவர்களுக்கு அவன் செல்வமுள்ள யூதனே.