குத்தூசி மருத்துவத்தின் பாதுகாப்பும் பக்கவிளைவுகளும்

குத்தூசி மருத்துவம் (அக்குபங்சர்) என்பது உடலின் குறிப்பிட்ட இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செருகி வலி முதலிய தொல்லைகளைத் தணிக்க முயலும் சீன மரபு மருத்துவமுறை ஆகும். "பக்கவிளைவே இல்லாத சிகிச்சை" என்பது இம்முறைக்கான விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் வாசகம். தோலைத் துளைக்கும் எந்தச் செயலுக்கும் இவ்வாசகம் பொருந்தாது. பக்கவிளைவு அரிது என்பது வேறு. அறவே இல்லை என்பது வேறு.

ஆய்வுகள் கூறுவது

2001-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான யார்க் ஆய்வில் 574 சிகிச்சையாளர்கள் செய்த 34,407 சிகிச்சைகள் கணக்கெடுக்கப்பட்டன. கடுமையான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை; குறிப்பிடத்தக்க சிறு பாதிப்புகள் 43. ஆதரவாளர்கள் பெரிதும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஆனால் இங்கே தகவல் தந்தவர்கள் சிகிச்சையாளர்களே என்பதை மறக்கக்கூடாது. 2009-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு நோயாளிகளையே கேட்டது. 2,29,230 பேரில் 8.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பாதிப்பைத் தெரிவித்தனர். பெரும்பாலானவை இரத்தக்கசிவு, இரத்தக்கட்டு, ஊசி குத்திய இடத்தில் வலி போன்றவை. இருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது. முதல் கணக்கு சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் உரியது, இரண்டாவது நோயாளி ஒவ்வொருவருக்கும் உரியது. இரண்டையும் அருகருகே வைத்து விழுக்காட்டை ஒப்பிடுவது கணக்குப் பிழை.

கடுமையான பாதிப்புகள்

மார்பு, தோள்பட்டை, மேல்முதுகு ஆகிய இடங்களில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைத் தொடக்கூடும். மெலிந்தவர்களுக்கு 2 செ.மீ.க்கும் குறைவான ஆழத்திலேயே நுரையீரல் இருக்கலாம். மூச்சுத்திணறல் சில மணிநேரம் கழித்துத் தொடங்குவதும் உண்டு. அதனால் நோயாளி அதை ஊசியோடு தொடர்புபடுத்தாமல் போகிறார். சிலருக்கு மார்பெலும்பில் பிறவியிலேயே சிறு துளை இருக்கும். அத்தகைய துளை வழியாக ஊசி இதயத்தை எட்டி ஒரு பெண் இறந்த நிகழ்வு நார்வேயிலிருந்து 1995-இல் பதிவானது. எலும்பு காக்கும் என்று நம்பிக் குத்தப்படும் இடம் அது. 2011-இல் தென்கொரியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ரோ டே-வூவின் மூச்சுக்குழாயிலிருந்து குத்தூசி ஒன்று அகற்றப்பட்டது.

ஊசியை மீண்டும் பயன்படுத்துவதால் வரும் தொற்று தனிவகை. 1984-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே சிகிச்சையாளரிடம் சென்ற 35 பேருக்குக் கல்லீரல் அழற்சி-பி தொற்றியது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் ஊசிகள் வந்தபின் இவ்விடர் வெகுவாகக் குறைந்தது.

கணக்கில் வராதவை

ஜெர்மானிய ஆய்வில் ஊசி போட்டவர்கள் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள். உடற்கூற்றியல் பயிலாமல் குறுகிய காலப் பயிற்சியோடு சிகிச்சை அளிப்பவருக்கு அந்த எண்களைக் கடன் தர இயலாது.

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டுச் செய்யும் முறையும் பரவியுள்ளது. இதில் நுரையீரல் துளைபடாது, தொற்றும் ஏற்படாது. ஆபத்து வேறு வழியில் வருகிறது. எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லும் சிலரை நம்பி முதல்வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து நேரும். ஊசியின் பக்கவிளைவுகளை எண்ணும் எந்த ஆய்வின் பட்டியலிலும் அக்குழந்தை இடம்பெறாது. புற்றுநோய்க் கட்டியுடன் மாதக்கணக்கில் காத்திருந்தவரும் அப்படியே.

இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களும், இதயமுடுக்கி பொருத்தியவர்களும் (குறிப்பாக மின்சாரம் செலுத்தும் முறையில்) முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட பயிற்சி, பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் கர்ப்பகாலம், அவசர மருத்துவ நிலைகள், புற்றுக்கட்டிகள், இரத்தப்போக்குக் கோளாறுகள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டிய நிலைகளாகவே குறிப்பிட்டுள்ளன.