நீராவி காணாத காவிரி: சேலம், நாமக்கல் துறைகளின் பயணப் படகு மரபுகள்

பயணப் படகு என்றதும் உலகம் நினைப்பது புகைபோக்கியும் சுழலும் துடுப்புச் சக்கரமும் கொண்ட நீராவிப் படகைத்தான். 1807இல் ராபர்ட் ஃபுல்டனின் படகு ஹட்சன் ஆற்றில் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி வரை 150 மைல் தூரத்தை 32 மணி நேரத்தில் கடந்தது. 1823இல் கல்கத்தாவில் ‘டயானா’ என்ற நீராவிப் படகு நீரில் இறங்கியது. 1834இல் கங்கையில் அலகாபாத் வரை நீராவிப் படகு போய்வரத் தொடங்கியது. கேரளக் காயல்களில் கொல்லத்துக்கும் ஆலப்புழைக்கும் இடையே நீராவிப் படகுகள் ஆள் ஏற்றின. காவிரியின் நம் பகுதியில் மட்டும் அந்தச் சக்கரம் சுழலவில்லை.

இதற்கு ஆறே காரணம். மேலே ஒகேனக்கல் அருவி வழியை மறிக்கிறது. கீழே பாறையும் மணல்திட்டும் மாறி மாறி வருகின்றன. ஜேடர்பாளையம் போன்ற இடங்களில் பாசனத்துக்காகக் குறுக்கே அணை கட்டியிருக்கிறார்கள். ஆடியில் கரைபுரளும் ஆறு சித்திரையில் முழங்கால் அளவுக்கு வற்றிவிடும். ரயிலைவிட நீர்வழிதான் மலிவு என்று ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் விடாமல் வாதாடினார். ஆனால் 1861இல் சேலத்துக்கு ரயில் வந்துவிட்டது. நீராவி நம் பக்கம் தண்டவாளத்தின் மேல்தான் வந்து சேர்ந்தது.

இங்கே படகு ஆற்றோடு போவதற்கு அல்ல, ஆற்றைக் கடப்பதற்கு. எதிர்க்கரைச் சந்தை, சம்பந்தி வீடு, பள்ளிக்கூடம், கோயில் என்று எல்லாமே அரை மைல் தள்ளித்தான். அந்த அரை மைலுக்காக மூன்று மரபுகள் இங்கே வளர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் உண்டாக்கியது ஒவ்வொரு வகைத் தண்ணீர்.

ஓடும் நீர்: பரிசல்

மூன்றிலும் மூத்தது பரிசல். மூங்கிலைப் பிளந்து அடித்தட்டைப் பின்னி, விளிம்பை மேலே வளைத்துக் கட்டுவார்கள். முன்பு வெளியே தோல் போர்த்தினார்கள். இன்று பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆணியோ இரும்போ கிடையாது. பாறையில் மோதினால் மரப்படகு பிளக்கும்; பரிசல் நெளிந்து கொடுத்து விலகும். தட்டையான அடி என்பதால் முழங்கால் நீரிலும் மிதக்கும். கரை சேர்ந்ததும் ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

இது நமக்கு மட்டும் உரியதன்று. யூப்ரடீஸ் ஆற்றின் வட்டத் தோல்படகுகளைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் தோல் போர்த்திய கூடைப்படகுகள் ஆட்களைக் கடத்தியதைக் குறித்துவைத்தார். 1803இல் மராத்தியப் போருக்குப் போன ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பெருக்கெடுத்த ஆறுகளைத் தாண்டப் படைக்காகக் கூடைப்படகுகளைப் பின்னச் சொன்னார்.

முன்பின் இல்லாத வட்டக்கலத்தை ஒரே துடுப்பால் ஓட்டுவதில்தான் பரிசல்காரரின் கைத்திறன் தெரியும். துடுப்பை முன்னே போட்டுத் தன் பக்கம் இழுப்பார். ஒரு இழுப்பு சற்றுப் பிசகினாலும் பரிசல் சுற்றத் தொடங்கும். ஓட்டத்தை எதிர்த்து நேரே போகவும் மாட்டார். கரையோரமாக மேலே கொண்டுபோய் அங்கிருந்து சாய்வாக விட்டு, எதிர்த்துறையில் சரியாக ஒதுங்குவார். நீரின் வேகத்துக்கு எவ்வளவு மேலே போக வேண்டும் என்ற கணக்கை எந்த ஏட்டிலும் எழுதிவைக்கவில்லை.

தேங்கிய நீர்: மேட்டூர்

1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை, கீழே டெல்டாவுக்கு வாழ்வு கொடுத்தது; மேலே ஊர்களை மூழ்கடித்தது. 120 அடி நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட அந்த ஸ்டான்லி நீர்த்தேக்கம், வண்டிப்பாதை ஓடிய இடத்தில் படகுத்துறையை உண்டாக்கியது. சேலம் மாவட்டக் கரையில் பண்ணவாடி, எதிரே தருமபுரி மாவட்டத்தின் நாகமரை. அதுபோலக் கோட்டையூருக்கு எதிரே ஒட்டனூர். படகு இல்லையென்றால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் ஆட்களோடு இருசக்கர வாகனங்களும் படகேறுகின்றன.

இந்த மரபின் சிக்கலே வேறு. இங்கே இழுக்கும் ஓட்டம் இல்லை, காற்றுதான் எதிரி. ஆடிக்காற்றில் அகன்ற நீர்ப்பரப்பு அலையடிக்கும்போது, ஆற்றில் பழகியவரும் தயங்குவார். துறையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நீர் இறங்க இறங்கக் கரை உள்ளே போகும். பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். நீருக்கடியில் எந்தச் சுவர், எந்த மேடு எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்திருப்பவரே இங்கே நல்ல படகோட்டி.

கதவணை நீர்: விசைப்படகு

மூன்றாவதுதான் இளைய மரபு. மேட்டூருக்குக் கீழே மின்சாரத்துக்காகச் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் எழுந்தன. ஒவ்வொரு கதவணைக்கு மேலேயும் ஆறு ஏரியாக நின்றது. எடப்பாடி வட்டத்துப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே ஓடும் விசைப்படகு, இந்த மரபின் முகவரி. மாணவரும் விவசாயியும் வேலைக்குப் போகிறவரும் தினமும் ஏறுகிறார்கள். தென்னை வரிசையும் மலையும் சூழ்ந்த பூலாம்பட்டியைச் சுற்றுலாக்காரர்கள் ‘குட்டி கேரளா’ என்கிறார்கள். உள்ளூர்க்காரருக்கு அது பேருந்துக்குச் சமமான அன்றாட வண்டி. பராமரிப்புக்காகக் கதவணை நீரைத் திறந்துவிட்டால், அத்தனை நாளும் படகு கரையில்தான். துடுப்பு வீச வேண்டியதில்லை என்பதால் திறமை வேண்டாம் என்று ஆகிவிடாது. இயந்திரம் நடு ஆற்றில் நின்றால் என்ன செய்வது என்பதுதான் இங்கே தேர்வு.

எது தரம்?

இந்த மூன்றையும் எந்த அளவுகோலால் அளப்பது? மிசிசிப்பி நீராவிப் படகுகள் வேகத்துக்குப் போட்டி போட்டன. ஆனால் அந்த ஆற்றில் 1859இல் படகோட்டி உரிமம் பெற்ற மார்க் ட்வெய்ன் வியந்து எழுதியது இன்னொன்றை. படகு துறையை விட்டுவிட்டால் கப்பல் தலைவன்கூட ஓட்டிக்கு உத்தரவு போட முடியாது. ஆற்றை அறிந்தவன் சொல்லே முடிவு.

அந்தச் சொல் தோற்ற இடங்களும் உண்டு. 1865இல் அதே மிசிசிப்பியில் ‘சுல்தானா’ 376 பேருக்கான இடத்தில் 2,000 பேருக்கு மேல் ஏற்றிச் சென்றது. கொதிகலன் வெடித்து 1,100க்கும் அதிகமானோர் மாண்டார்கள். 1924 ஜனவரி 16 அன்று கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குப் போன ‘ரிடீமர்’ படகு அளவுக்கு மிஞ்சிய கூட்டத்தோடு பல்லனையில் கவிழ்ந்தது. மலையாள மகாகவி குமாரன் ஆசான் அதில் மறைந்தார். இரண்டிலும் ஏற்றக்கூடாத அளவுக்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

ஆகவே நம் துறைகளுக்கான தர அளவு இதுதான்: ‘இன்னைக்கு ஓட்ட மாட்டேன்’ என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல ஓட்டி. விநாடிக்கு லட்சம் கன அடி வரும் நாளில் நிர்வாகமே தடை போட்டுவிடும், அது எளிது. தடை வராத, ஆனால் காற்று மாறுகிற மாலையில், கரையில் பத்துப் பேர் ‘அண்ணா, கொஞ்சம் ஒதுங்கி ஏத்திக்கங்க’ என்று கெஞ்சும்போது மறுப்பதுதான் கடினம். மூன்று மரபிலும் மூத்தவர்களுக்கு மதிப்பு வந்தது அந்த மறுப்பால்தான்.

இன்றைய ஏற்பாடு அந்த மறுப்புக்கு உதவுகிறதா? துறைகளை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுக்கும் முறைக்கு, 1890ஆம் ஆண்டுச் சென்னைக் கால்வாய்கள், பொதுத்துறைகள் சட்டத்தில் வேர் உண்டு. அதிகம் கேட்டவருக்குத் துறை என்றால், கட்டிய பணத்தை எடுக்க இன்னும் இரண்டு ஆள் ஏற்றத்தான் மனம் போகும். நாமக்கல் மாவட்டத்து மோகனூருக்கும் எதிர்க்கரை வாங்கலுக்கும் இடையே பாலம் வந்ததுபோல் மற்றத் துறைகளுக்கும் பாலம் வரட்டும். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தவளுக்குப் பரிசலின் அழகு பயன்படாது. பாலம் வரும்வரை, ஏலத் தொகையோடு ஓட்டியின் அனுபவத்தையும் மதிப்பிட வேண்டும். ஏற்றும் ஆள் கணக்கைத் துறையிலேயே எழுதிவைக்க வேண்டும். உயிர்காப்பு உடை எல்லோருக்கும் இருக்க வேண்டும். ஓட்டி மறுத்த நாளின் வரும்படியைக் குத்தகையில் கழித்துக்கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் செய்தாலே போதும், மற்றவற்றை ஓட்டிகளே பார்த்துக்கொள்வார்கள்.